மஞ்சள் வயலில் நெட்டைக்கால் ஈ

ஆவணி முதல் ஐப்பசி வரை மஞ்சள், இஞ்சி வயல்களில் கால் நீண்ட கறுப்பு ஈ ஒன்று இலைகளின் மீது மெல்ல நடந்து செல்வதைக் காணலாம். இதுவே கிழங்கு ஈ. மெலிந்த உடல் சுமார் ஒன்றரை சென்டிமீட்டர் நீளமிருக்கும். கண்ணாடி போன்ற இறக்கைகளில் சாம்பல் நிறப் பட்டைகள் தெரியும். மரக்கால் கட்டி நடப்பது போன்ற நடையே இதன் முக்கிய அடையாளம்.

முன்னங்கால்களைத் தூக்கி ஆட்டுவதால் அவை உணர்கொம்புகள் போலத் தோன்றும். ஆகவே பலர் இதனைக் குளவி என்று எண்ணுகின்றனர். குளவிக்கு இரண்டு ஜோடி இறக்கைகள் உண்டு. ஈக்கு ஒரு ஜோடிதான்.

இதன் புழுக்கள் கிழங்கினுள் இருக்கும். பாலாடை நிறம், கால்கள் கிடையாது. கால்களும் கருத்த தலையும் கொண்ட புழு தண்டினுள் இருந்து, துளை வழியே எச்சம் வெளிவந்திருந்தால் அது தண்டுத் துளைப்பான். அதற்குரிய முறைகள் வேறு.

கிழங்கைப் பிளந்து புழு நெளிவதைக் கண்டதும் பூச்சி மருந்து வாங்க ஓடுவது வழக்கம். அங்கேதான் பணம் வீணாகிறது. கிழங்கு பெரும்பாலும் முன்னரே பித்தியம் என்னும் பூசணத்தால் அழுகியிருக்கும். அழுகலை நாடியே ஈ முட்டையிட வருகிறது. மகாராஷ்டிரத்தில் இதனையே முதன்மைப் பூச்சியாகக் கருதுவோரும் உண்டு. எனினும் நம் விவசாயிகள் முதலில் அழுகலைக் கவனிப்பதே மேல் என்பது என் கருத்து. ஈக்கு மருந்தடித்துக் கொண்டிருக்கும் நாட்களில், அழுகல் பாசன நீரோடு அடுத்த பாத்திக்குப் போய்விடும்.

அடி இலைகள் ஓரத்திலிருந்து மஞ்சளாகிக் காய்கின்றனவா, தண்டின் அடிப்பாகம் நீர்க்கோத்து, இழுத்தால் எளிதில் கையோடு வருகிறதா என்று பாருங்கள். அத்தகைய செடிகளைக் கிழங்கோடு தோண்டி அழிக்கவும். அந்த இடத்திலும் சுற்றிலும் லிட்டருக்கு 2.5 கிராம் காப்பர் ஆக்சிகுளோரைடு கரைத்து மண் நனைய ஊற்றவும். வடிகால் வெட்டாமல் மருந்து ஊற்றிப் பயனில்லை.

விதைக் கிழங்கை நோயில்லாத வயலிலிருந்து எடுத்து, லிட்டருக்கு 3 கிராம் மாங்கோசெப் கரைசலில் 30 நிமிடம் ஊறவைத்து, நிழலில் உலர்த்தி நடவேண்டும். அழுகல் கண்ட நிலத்தில் மறு ஆண்டு மஞ்சளோ இஞ்சியோ வேண்டாம்.

போரேட் குருணை மருந்து 2020 டிசம்பர் 31 முதல் தடை செய்யப்பட்டுள்ளது. பழைய இருப்பை யாரேனும் கொடுத்தாலும் வாங்க வேண்டாம்.