பத்மநாபர் கோயில் அருகே பூட்டிக் கிடந்த இசை மாளிகை

திருவனந்தபுரம்: பத்மநாப சுவாமி கோயிலில் தரிசனம் முடித்து வெளியே வரும் தமிழகப் பக்தர்கள் பெரும்பாலும் கிழக்கே கோட்டை பேருந்து நிலையத்தை நோக்கியே நடந்து விடுகின்றனர். கோயிலுக்குத் தென்கிழக்கே சில நிமிட நடைத் தொலைவில் ஓட்டுக் கூரையும் மர வேலைப்பாடுமாக நிற்கும் புத்தன் மாளிகையைத் திரும்பிப் பார்ப்போர் குறைவு. கர்நாடக இசையில் நாட்டம் உள்ள எவரும் தவறவிடக் கூடாத வீடு இது. சங்கீத மன்னர் என்று போற்றப்படும் சுவாதித் திருநாள் ராமவர்மா தாம் வாழ்வதற்காக எழுப்பிய மாளிகை.

கூரையின் இறவாரத்தைத் தாங்குவதுபோல் வரிசையாகச் செதுக்கப்பட்டுள்ள 122 மரக் குதிரைகளால் இதற்குக் 'குதிரை மாளிகை' என்ற பெயரும் உண்டு. வழிகாட்டியின் வேகத்துக்கு ஈடுகொடுத்து நடப்பவர்களால் அவற்றை எண்ணி முடிக்க இயலாது.

திருவிதாங்கூரின் தலைநகரம் 1795ஆம் ஆண்டு வரை, இன்று கன்னியாகுமரி மாவட்டத்தில் உள்ள பத்மநாபபுரத்தில் இருந்தது. அதன் பின்னரே திருவனந்தபுரம் கோட்டைக்குள் அரண்மனைகள் பெருகின. 1956ல் மாநிலங்கள் பிரிக்கப்பட்டபோது பத்மநாபபுரம் தமிழகத்தோடு இணைந்தது. ஆனால், அங்குள்ள அரண்மனையை இன்றும் பராமரிப்பது கேரளத் தொல்லியல் துறை. புத்தன் மாளிகையின் நிலை வேறு. இது அரச குடும்பத்தின் பொறுப்பிலேயே இருந்து வருகிறது.

1813ல் பிறந்த சுவாதித் திருநாள் 1829ல் ஆட்சிப் பொறுப்பை ஏற்றார். அவருக்கு ஆங்கிலம் கற்பித்துப் பின்னாளில் திவானாகவும் விளங்கியவர் தஞ்சாவூர் சுப்பாராவ். முத்துசுவாமி தீட்சிதரின் சீடர்களான பொன்னையா, சின்னையா, சிவானந்தம், வடிவேலு ஆகிய தஞ்சை நால்வரும் இந்த அரசவையில் ஆதரவு பெற்றனர். மேல்நாட்டு வயலினைக் கர்நாடக இசைக்குப் பழக்கிய முன்னோடிகளுள் ஒருவரான வடிவேலுவுக்கு மன்னர் 1834ல் தந்தத்தால் ஆன வயலினைப் பரிசளித்தார். மோகினியாட்டம் இன்றைய வடிவத்தைப் பெற்றதிலும் வடிவேலுவுக்குப் பங்கு உண்டு. புத்தன் மாளிகை எழுவதற்கு முன்பே தஞ்சையின் இசையும் நாட்டியமும் இக்கோட்டைக்குள் குடியேறிவிட்டன.

மாளிகை கட்டப்பட்ட 1840களோ மன்னருக்கு நிம்மதியற்ற காலம். 1840ல் பிரிட்டிஷ் ரெசிடெண்டாக வந்த ஜெனரல் கல்லன் அரசின் அன்றாட நிர்வாகத்திலும் தலையிட்டார். மனம் வெதும்பிய மன்னர் இசையிலும் வழிபாட்டிலும் ஒதுங்கினார். 1846ஆம் ஆண்டு டிசம்பரில் தமது 33ஆவது வயதில் காலமானார். ஆசையுடன் எழுப்பிய வீட்டில் அவர் வாழ்ந்தது மிகச் சொற்ப காலமே. அதன் பிறகு ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக மாளிகை பயன்பாடின்றிக் கிடந்தது. 1990களில்தான் அதன் ஒரு பகுதி அருங்காட்சியகமாகப் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. எஞ்சிய அறைகள் இன்னும் பார்வைக்கு வரவில்லை.

உள்ளே படிகச் சிம்மாசனம், தந்தச் சிம்மாசனம், ஆளுயரக் கதகளி உருவங்கள், வாள்கள், ஓவியங்கள் எனப் பொருள்களுக்குக் குறைவில்லை. கூட்டம் அதிகம் நிற்பது தந்தச் சிம்மாசனத்தின் முன்புதான். திருவிதாங்கூர்க் கைவினைஞர்களின் தந்த வேலைப்பாடு அக்காலத்தில் கடல் கடந்தும் புகழ் பெற்றிருந்தது. சுவாதித் திருநாளின் தம்பியும் அடுத்த மன்னருமான உத்திரம் திருநாள், 1851ல் லண்டனில் நடந்த மாபெரும் கண்காட்சியையொட்டி விக்டோரியா மகாராணிக்கு அனுப்பியதும் ஒரு தந்தச் சிம்மாசனமே. எத்தனை யானைகளின் தந்தங்கள் இதற்கெல்லாம் தேவைப்பட்டிருக்கும் என்ற எண்ணம் எழாமல் இல்லை.

ஆயினும், இம்மாளிகையின் உயிர் சிம்மாசனங்களில் இல்லை; மரத்தில் இருக்கிறது. தேக்கிலும் ஈட்டியிலும் இழைத்த மயில்களும் கிளிகளும் உத்திரங்களிலும் விதானங்களிலும் நிறைந்துள்ளன. மாடியில், மன்னர் அமர்ந்து கீர்த்தனைகள் இயற்றியதாகக் கூறப்படும் இடம் உள்ளது. அங்கிருந்து நோக்கினால் பத்மநாப சுவாமி கோயிலின் ஏழு நிலைக் கோபுரம் தெரிகிறது. கேரளக் கோயில்களில் அரிதாகக் காணப்படும் தமிழகப் பாணிக் கோபுரம் அது. சம்ஸ்கிருதம், மலையாளம், தெலுங்கு, கன்னடம், இந்துஸ்தானி எனப் பல மொழிகளில் அவர் இயற்றிய பாடல்களில் பெரும்பாலானவை பத்மநாபரைப் போற்றுபவை. அதற்கான விடை அந்த ஜன்னலிலேயே கிடைத்துவிடுகிறது.

கோட்டைக்குள்ளேயே, சற்றுத் தள்ளி நவராத்திரி மண்டபம் உள்ளது. ஆண்டுதோறும் நவராத்திரிக்குப் பத்மநாபபுரத்திலிருந்து சரஸ்வதியும், வேளிமலையிலிருந்து குமாரசுவாமியும், சுசீந்திரத்திலிருந்து முன்னுதித்த நங்கையும் ஊர்வலமாக இங்கு எழுந்தருளுகின்றனர். அந்தச் சரஸ்வதி சிலை கம்பர் வழிபட்டது என்பது ஐதீகம். எல்லையில் இரு மாநிலக் காவல் துறையினரும் மரியாதை செலுத்துவர். ஆண்கள் மட்டுமே பாடிவந்த இம்மண்டபத்தில் 2006ஆம் ஆண்டில்தான் முதன்முறையாக ஒரு பெண், பாறசாலை பொன்னம்மாள், பாடினார். அப்போது அவர் எண்பது வயதைக் கடந்திருந்தார். இசைக்காகவே வாழ்ந்த மன்னரின் கோட்டையில் இதற்கு இத்தனை காலம் பிடித்தது வியப்பளிக்கிறது.

புத்தன் மாளிகைக்கும் இசை திரும்பியுள்ளது. ஜனவரி மாதத்தில் மாளிகை முற்றத்தில் நடைபெறும் சுவாதி சங்கீதோற்சவத்தில் சுவாதித் திருநாளின் பாடல்கள் மட்டுமே பாடப்படுகின்றன. அனுமதிக் கட்டணம் இல்லை. குதிரைகளை நிதானமாகப் பார்க்க விரும்புவோருக்கு அந்த மாலைப் பொழுதுகளே ஏற்றவை.

மற்ற நாள்களில் கட்டணம் செலுத்தி அருங்காட்சியகத்தைப் பார்க்கலாம். காலணிகளை வெளியே விட வேண்டும். உள்ளே புகைப்படம் எடுக்க அனுமதி இல்லை. நண்பகலில் இடைவேளை உண்டு, திங்கள்கிழமை விடுமுறை. கோயிலின் அருகே, 'மேத்தன் மணி' எனப்படும் பழைய கடிகாரம் உள்ளது. மணிக்கொரு முறை தாடிக்காரரின் வாய் திறக்க, இரண்டு ஆடுகள் அவரது கன்னங்களில் முட்டும். குழந்தைகளோடு செல்வோர் மணி அடிக்கும் நேரம் பார்த்து அங்கு நிற்பது நல்லது.