தேனீயின் தூய்மைப் பழக்கமும் பாரம்பரியமும்

பசுவின் நிறமும் நெல்லின் உயரமும் பெற்றோரிடமிருந்து வருவன என்பதை எவரும் எளிதில் ஒப்புக்கொள்வர். ஆனால் ஒரு பிராணியின் செய்கையும் அவ்வாறே இறங்கி வருமா என்று வினவினால் பலர் தயங்குவர். சிலந்திக்கு வலை பின்னக் கற்பித்தவர் எவருமிலர்; எனினும் அத்திறமை பட்டாணியின் நிறத்தைப் போலக் கூறு கூறாகப் பிரிந்து சந்ததிகளில் தோன்றக்கூடியதுதானா என்பதைப் பரிசோதனையால் நிறுவுவது எளிதன்று. இதற்கு வழி காட்டியது தேனீ.

தேனீப் புழுக்களைத் தாக்கும் அமெரிக்கப் புழு அழுகல் நோய் ஒருவகைப் பாக்டீரியாவால் உண்டாவது. மெழுகு மூடியிட்ட அறைக்குள்ளேயே புழு அழுகி, பிசின்போலாகி, பின்னர் செதிலாகக் காய்ந்துவிடும். அச்செதிலிலுள்ள வித்துக்கள் முப்பது ஆண்டுகளுக்கு மேலும் உயிர்ப்புடன் இருக்க வல்லவை. சில கூட்டங்களில் வேலைக்காரத் தேனீக்கள் இத்தகைய அறைகளின் மூடியைக் கடித்துத் திறந்து, இறந்த புழுவை அப்புறப்படுத்திவிடுகின்றன, நோய் பரவுவதில்லை. வேறு சில கூட்டங்களிலோ அழுகிய புழு அப்படியே கிடக்கிறது. 1930களில் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் ஓ. டபிள்யூ. பார்க் என்பவர் நோயை எதிர்க்கும் கூட்டங்களைத் தேர்ந்தெடுத்துப் பெருக்கினார். இவ்வேறுபாட்டின் காரணத்தைப் பின்னர் ஆராய்ந்தவர் வால்டர் ரோத்தன்பூலர்.

அவருடைய முறையை அறியத் தேனீயின் பிறப்பைப் பற்றிச் சிறிது கூறவேண்டும். இராணியும் வேலைக்காரத் தேனீயும் கருவுற்ற முட்டையிலிருந்து பிறப்பவை. அவற்றுக்கு 32 குரோமோசோம்கள் உண்டு. ஆண் ஈயோ கருவுறாத முட்டையிலிருந்து பிறப்பது. அதற்கு 16 மட்டுமே. அதற்குத் தாய் உண்டு, தந்தை இல்லை! ஆகையால் ஓர் ஆண் ஈயின் விந்தணுக்கள் யாவும் ஒரே தன்மையன. இயற்கையில் இராணி பத்துக்கும் மேற்பட்ட ஆண் ஈக்களுடன் கூடும். ரோத்தன்பூலர் கருவியின் துணைகொண்டு ஒவ்வோர் இராணிக்கும் ஒரே ஆண் ஈயின் விந்தைச் செலுத்தினார்.

தூய்மைப் பழக்கமுள்ள வமிசத்தையும் அப்பழக்கமற்ற வமிசத்தையும் அவர் கலந்தபோது, முதல் தலைமுறைத் தேனீக்கள் அறைகளைத் துப்புரவு செய்யவில்லை. எனவே இப்பழக்கம் ஒடுங்கு பண்பு என்பது புலனாயிற்று. அடுத்து, கலப்பு இராணியின் ஆண் மக்களைத் தூய்மை வமிசத்து இராணிகளுடன் சேர்த்து 29 கூட்டங்களை உருவாக்கினார். 6 கூட்டங்கள் மூடியைத் திறந்து புழுவையும் அகற்றின. 9 கூட்டங்கள் மூடியைத் திறந்தன. புழுவை மட்டும் தொடவில்லை! எஞ்சிய 14 கூட்டங்கள் எதுவும் செய்யவில்லை. ரோத்தன்பூலர் இத்துடன் நிற்கவில்லை. அந்த 14 கூட்டங்களில் அவரே மூடிகளைத் திறந்து வைத்தார். அவற்றுள் 6 கூட்டங்கள் இறந்த புழுக்களை வெளியேற்றின. 8 கூட்டங்கள் வாளாவிருந்தன.

6, 9, 6, 8 என்னும் இவ்வெண்கள் நாலில் ஒரு பங்கான ஏழேகாலைச் சுற்றியே அமைந்திருப்பதை ஆசிரியர்கள் மாணவர்க்கு எடுத்துக்காட்டலாம். மூடி திறப்பதற்கு ஒன்றும் புழுவை அகற்றுவதற்கு ஒன்றுமாக இரண்டு ஜீன்கள் தனித்தனியே இறங்குகின்றன என்று 1964இல் அவர் முடிவுரைத்தார். பாடநூல்கள் பல இத்துடன் கதையை முடித்துவிடுகின்றன, அது போதாது. 2002இல் வெளியான ஆராய்ச்சி, இப்பழக்கத்துடன் தொடர்புடையனவாகத் தோன்றும் ஏழு குரோமோசோம் பகுதிகளைச் சுட்டியது. மேலும், தூய்மை வமிசத்துத் தேனீக்கள் நோயுற்ற புழுவின் மெல்லிய வாடையையும் உணர வல்லவை என்று தெரிகிறது. ஆக, செய்கை முழுவதும் ஜீனில் எழுதப்பட்டிருப்பதாகக் கொள்ளலாகாது. நுகரும் திறன் கூடினாலும் குறைந்தாலும் செய்கை மாறும்.

வேலைக்காரத் தேனீ பொதுவாகச் சந்ததி ஈனுவதில்லை. அங்ஙனமாயின் அதன் நற்பழக்கம் அடுத்த தலைமுறைக்கு எவ்வாறு செல்லும்? 1859இல் டார்வினையே மலைக்கவைத்த வினா இது. தேர்வு குடும்பத்தின்மீதும் நிகழலாம் என்று அவர் விடை கண்டார். 1964இல் டபிள்யூ. டி. ஹாமில்டன் இதனைக் கணித முறையில் விளக்கினார். துப்புரவு செய்யும் தேனீயின் ஜீன்களை அதன் இராணியும் ஆண் ஈக்களும் சுமந்து செல்கின்றன. கூட்டம் பிழைத்தால் அவையும் பிழைக்கும்.

இந்தியாவுக்கு இஃது ஏட்டுச் செய்தியன்று. 1991-92இல் தாய் சாக்புரூட் என்னும் வைரஸ் நோய் தென்னிந்தியாவில் இந்தியத் தேனீக் கூட்டங்களுள் பெரும்பாலானவற்றை அழித்து, வளர்ப்போர் பலரின் பிழைப்பைக் கெடுத்தது. இந்நோயிலும் புழுக்களே மடிகின்றன. எந்தக் கூட்டம் துப்புரவானது என அறியக் களப்பணியாளர் ஓர் எளிய சோதனை செய்யலாம். மூடியிட்ட கூட்டுப்புழு அறைகள் நூற்றை மெல்லிய ஊசியால் குத்தி, அடையைத் திரும்ப வைத்து, 24 மணி நேரத்திற்குப் பின் எத்தனை அறைகள் துப்புரவாயின என்று எண்ணவேண்டும். எல்லாக் கூட்டங்களிலும் ஒரே நாளில் ஒரே வயதுக் கூட்டுப்புழுக்களைக் கொண்டு செய்தாலன்றி ஒப்பீடு செல்லாது. மிகுதியாகத் துப்புரவு செய்த கூட்டத்திலிருந்தே புதிய இராணிகளை வளர்த்தல் நலம். ஆயினும் அவ்விராணிகள் வெளியே பறந்து சென்று அக்கம்பக்கத்து ஆண் ஈக்களுடன் கூடுவனவாதலால், ஒரு பண்ணையில் மட்டும் செய்யும் தேர்வு விரைவில் நீர்த்துப்போகும். சுற்றுவட்டாரத்துத் தேனீ வளர்ப்போர் யாவரும் ஒருங்கே இதனை மேற்கொள்ளுமாறு செய்வது களப்பணியாளரின் பொறுப்பாகும்.