உருகாத சொம்பும் ஒழுகாத குழாயும்

உங்கள் பாட்டி வீட்டில் ஈயச்சொம்பு இருக்கிறதா? கும்பகோணத்தில் வாங்கியது என்று சொல்லிப் பத்திரமாக வைத்திருப்பார். அதில் வைக்கும் ரசத்துக்குத் தனி மணம். ஆனால் அந்தச் சொம்பை வெறுமையாக அடுப்பில் வைக்கவே கூடாது. முதலில் புளித்தண்ணீரை ஊற்ற வேண்டும், அப்புறம்தான் அடுப்பைப் பற்றவைக்க வேண்டும். மறந்துபோனால் சொம்பின் அடி உருகி அடுப்பின் மேலேயே ஓடிவிடும்.

சொம்பு வெள்ளீயத்தால் ஆனது. வெள்ளீயம் 232 டிகிரி செல்சியஸில் உருகும். காஸ் அடுப்புச் சுடரின் வெப்பமோ 1,000 டிகிரியை எளிதாகத் தாண்டும். அப்படியிருக்க, ரசம் கொதிக்கும்போது மட்டும் சொம்பு எப்படித் தப்பிக்கிறது? தண்ணீர்தான் அதைக் காப்பாற்றுகிறது. சுடர் தரும் வெப்பத்தைத் தண்ணீர் வாங்கிக்கொண்டு ஆவியாகிப் போகிறது. உள்ளே தண்ணீர் இருக்கும்வரை அதன் வெப்பம் ஏறத்தாழ 100 டிகிரியிலேயே நிற்கும். தண்ணீரைத் தொட்டுக்கொண்டிருக்கும் சொம்பும் தன் உருகுநிலையை எட்டாது.

பாட்டிக்கு உதவும் இந்தத் தண்ணீர், குழாய் வேலை செய்யும் ப்ளம்பருக்கு இடைஞ்சல். ஒரு செப்புக் குழாயை ஈயக்கலவை வைத்துப் பற்றவைக்க அவர் சுடரைக் காட்டுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். குழாய்க்குள் கொஞ்சம் தண்ணீர் தேங்கியிருந்தாலும் போதும், அது ஆவியாகித் தீரும்வரை ஈயம் உருகாது. அதனால் முதல் வேலையே குழாயைக் காலி செய்வதுதான். வால்வை மூடிய பிறகும் சொட்டுச் சொட்டாக வந்துகொண்டிருந்தால்? மேல்நாட்டுப் பழைய ப்ளம்பர்கள் ஒரு ரொட்டித் துண்டைப் பிசைந்து குழாய்க்குள் அடைத்துவிடுவார்கள். பற்றவைத்து முடிந்ததும் தண்ணீரைத் திறந்தால் ரொட்டி கரைந்து வெளியே வந்துவிடும். எனக்கு மிகவும் பிடித்த தந்திரம் இது.

இரண்டு உலோகங்களை ஒட்டவைக்க மூன்றாவதாக ஓர் உலோகம் வேண்டும். அதைப் பற்றாசு என்பார்கள். அது மற்ற இரண்டுக்கும் முன்னால் உருக வேண்டும். செம்பு 1,085 டிகிரியில் உருகும், காரீயம் 327 டிகிரியில் உருகும், வெள்ளீயம் 232 டிகிரியில். காரீயத்தையும் வெள்ளீயத்தையும் கலந்தால் அந்தக் கலவை எத்தனை டிகிரியில் உருகும்? இரண்டுக்கும் நடுவில் எங்கோ என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஆனால் 100 பங்கில் 63 பங்கு வெள்ளீயமும் 37 பங்கு காரீயமும் சேர்ந்த கலவை 183 டிகிரியிலேயே உருகிவிடுகிறது! இரண்டில் எதுவும் தனியாக இருந்தால் அந்த வெப்பத்தில் உருகாது. வேறு வேறு அளவுள்ள அணுக்கள் கலந்திருக்கும்போது திடப்பொருளுக்கு வேண்டிய ஒழுங்கான அடுக்கில் அவை எளிதில் உட்கார்வதில்லை. அதனால் திரவமாகவே இருப்பது அவற்றுக்குச் சுலபமாகிவிடுகிறது.

சென்னை ரிச்சி தெருவில் மின்னணுச் சாதனங்களைப் பழுதுபார்ப்பவர்கள் கையில் இருக்கும் ஈயக்கம்பி, ஏறக்குறைய இந்த அளவில் கலந்ததுதான். சூடு பட்டதும் உருகி, சூடு விலகியதும் இறுகிவிடும். பழைய காலத்து ப்ளம்பருக்கு இது சரிப்படாது. காரீயக் குழாய்களை இணைக்க அவர் காரீயத்தைக் கூடுதலாகச் சேர்த்துக்கொள்வார். அந்தக் கலவை ஒரேயடியாக இறுகாது. கொஞ்ச நேரம் குழைவாகவே நிற்கும். அந்த நேரத்துக்குள் கெட்டியான துணியால் வழித்து, இணைப்பைச் சுற்றி வழவழப்பான ஒரு திரளை உருவாக்கிவிடுவார். அந்தத் திரள் ஒழுகாமல் நிற்கிறதா என்பதை வைத்தே ஒருவருடைய கைத்திறனை எடைபோட்டார்கள்.

காரீயம் உடலுக்கு நஞ்சு. குழந்தைகளின் மூளை வளர்ச்சியை அது கெடுக்கும். அதனால்தான் குடிநீர்க் குழாய்களுக்கு இப்போது வெள்ளீயத்தோடு சிறிது செம்போ வெள்ளியோ சேர்த்த பற்றாசு வந்திருக்கிறது. பாட்டியின் சொம்பு வெள்ளீயம்தான். ஆனால் வெள்ளீயம், காரீயம் இரண்டையும் நாம் ஈயம் என்றே சொல்வதால், கடையில் வாங்கும்போது விசாரித்து வாங்குவது நல்லது.

சூடு மட்டும் இருந்தால் ஒட்டிவிடுமா? ஒட்டாது. உலோகத்தின் மேல் காற்றுப் பட்டதும் ஆக்சைடு என்னும் மெல்லிய படலம் உண்டாகிறது. சூடுபடுத்தினால் அது இன்னும் கனமாகும். உருகிய ஈயம் அந்தப் படலத்தின் மேல் பரவாமல் உருண்டையாகத் திரண்டு உருண்டோடிவிடும். முன்பு மயிலாப்பூர்த் தெருக்களில் பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவர் வருவார். துருத்தி வைத்து நெருப்பை ஊதி, பாத்திரத்தைச் சூடாக்கி, நவச்சாரப் பொடியைப் பஞ்சால் தொட்டு உள்ளே தேய்ப்பார். குபீரென்று வெள்ளைப் புகை எழும். அடுத்து ஈயத்தைத் தொட்டு இழுத்தால் பாத்திரம் முழுதும் வெள்ளி நிறமாகப் பளபளக்கும். சூட்டில் நவச்சாரம் அம்மோனியாவாகவும் ஹைட்ரஜன் குளோரைடாகவும் பிரிகிறது. ஹைட்ரஜன் குளோரைடு அந்த ஆக்சைடு படலத்தைத் தின்றுவிடுவதால் ஈயம் நேரடியாக உலோகத்தைத் தொடுகிறது. நகைப் பட்டறையில் பொற்கொல்லர் வைக்கும் வெண்காரமும் இதே வேலையைச் செய்கிறது. அது கண்ணாடிக் குழம்பாக உருகி ஆக்சைடைக் கரைத்துக்கொள்ளும்.

நம் ஊர் வீடுகளில் செப்புத் தண்ணீர்க் குழாய் அபூர்வம். ஆனால் பெருங்குடியில் ராஜீவ் காந்தி சாலை ஓரத்துக் கண்ணாடிக் கட்டடங்களைப் பார்த்திருப்பீர்களே, அவற்றில் ஏசி இயந்திரங்களுக்கு ஓடும் குழாய்களில் பல செப்புக் குழாய்கள்தான். ஏசி மெக்கானிக் அதைப் பற்றவைக்கும் கம்பியில் செம்போடு பாஸ்பரஸ் கலந்திருக்கும். 700 டிகிரிக்கு மேல் சூடாகும்போது அந்தப் பாஸ்பரஸே ஆக்சைடை விரட்டிவிடும், நவச்சாரம் தேவையில்லை. இரண்டு குழாய்களுக்கும் நடுவே முடி கனத்துக்கு மட்டும் இடைவெளி விட்டிருந்தால், உருகிய கம்பி அந்த இடுக்குக்குள் தானாகவே ஏறிவிடும். கீழிருந்து மேல்நோக்கியும் ஏறும்! நுண்புழை ஏற்றம் என்று பாடப்புத்தகத்தில் படித்திருப்பீர்கள். இடைவெளி அதிகமானால் ஏறாது.

இப்போது பெரிய குழாய்களுக்கு வருவோம். 1872-இல் செங்குன்றம் ஏரித் தண்ணீர் கீழ்ப்பாக்கத்துக்கு வந்து, அங்கிருந்து வார்ப்பிரும்புக் குழாய்கள் வழியாகச் சென்னை நகரத்துக்குள் பாய்ந்தது. 1914-இல் கீழ்ப்பாக்கத்தில் வடிகட்டிகளும் பம்புகளும் அமைந்தன. வார்ப்பிரும்பைப் பற்றவைப்பது கடினம், சூட்டில் விரிசல் விடும். அதனால் அக்காலத்தில் வார்ப்பிரும்புக் குழாய்களை இணைத்த விதமே வேறு. ஒரு குழாயின் முனை அகன்ற வாயாக இருக்கும். அடுத்த குழாயின் முனையை அதற்குள் நுழைத்து, சுற்றியுள்ள இடைவெளியில் முதலில் சணலை முறுக்கித் திணிப்பார்கள். வாயைச் சுற்றிக் களிமண்ணைப் பூசி, மேல்பக்கம் மட்டும் ஒரு துளை விட்டு, காய்ச்சிய காரீயத்தை ஒரே மூச்சில் ஊற்றுவார்கள்.

அதோடு முடிவதில்லை. காரீயம் இறுகும்போது கொஞ்சம் சுருங்கும், ஆகவே சுற்றிலும் நூலிழை அளவு இடைவெளி உண்டாகிவிடும். மழுங்கிய உளியை வைத்துச் சுற்றிச் சுற்றிச் சுத்தியலால் அடித்து அதை இறுக்குவார்கள். காரீயம் மென்மையானது, அடிக்க அடிக்க இடுக்குகளுக்குள் நகர்ந்து அடைத்துக்கொள்ளும். பின்னாளில் சாலையில் பேருந்துகள் ஓடி மண் அதிர்ந்தாலும் அது உடையாமல் கொஞ்சம் விட்டுக்கொடுக்கும். கெட்டியான உலோகமாக இருந்தால் வெடித்திருக்கும்.

இந்த வேலையில் பெரிய ஆபத்தும் ஈரம்தான். ஒரு சொட்டுத் தண்ணீர் ஆவியானால் ஏறத்தாழ 1,700 மடங்கு இடத்தைப் பிடிக்கும். ஈரமான இடுக்கில் காய்ச்சிய காரீயத்தை ஊற்றினால், அடியில் சிக்கிய ஆவி உருகிய உலோகத்தை ஊற்றுகிறவர் முகத்தில் வாரி இறைத்துவிடும். பள்ளத்தில் நின்று இந்த வேலையைச் செய்தவர்களை நினைத்தால் எனக்கு மரியாதையாக இருக்கிறது. அவர்கள் பெயர் எந்தக் கல்வெட்டிலும் இல்லை.

இனி வீட்டுக் குழாய்களுக்கு வருவோம். பெருங்குடி சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தது 2011-இல்தான். இங்கே லாரித் தண்ணீரும் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரும் பழக்கமானவை. வீடுகளில் நெடுங்காலம் இருந்தது ஜிஐ பைப், அதாவது துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய். ஜிஐ பைப்பைப் பற்றவைக்கவே மாட்டார்கள், மரை போட்டு முறுக்குவார்கள். ப்ளம்பர் பைப்பை வைஸில் பிடித்து, மரை வெட்டும் டை செட்டை மாட்டி, எண்ணெய் விட்டு விட்டுத் த்ரெட் போடுவார். அரை அங்குலப் பைப்பில் ஓர் அங்குல நீளத்துக்கு 14 மரைகள். அந்த மரை நேராக இருக்காது. 16-க்கு 1 என்ற கணக்கில் முனையை நோக்கிக் குறுகிக்கொண்டே போகும். எல்போ என்னும் வளைவு இணைப்பை மாட்டி முறுக்க முறுக்க ஆப்பு இறங்குவதுபோல இறுகுவது இதனால்தான். சணல் சுற்றியிருந்தால் தண்ணீர் பட்டதும் சணல் உப்பி மிச்ச இடைவெளியையும் அடைத்துவிடும்.

பழைய ஜிஐ பைப் எங்கே முதலில் துருப்பிடிக்கிறது என்று கவனித்தால் ஓர் உண்மை புரியும். பெரும்பாலும் இணைப்பில்தான். த்ரெட் போடும்போது மேலே இருந்த துத்தநாகம் சீவப்பட்டுவிடுகிறது. துத்தநாகம் இரும்புக்கு முன்னால் தான் அரிபட்டு இரும்பைக் காப்பது. அது போன இடத்தில் இரும்பு தனியாக மாட்டிக்கொள்கிறது. போதாததற்கு மரை வெட்டிய இடத்தில் சுவரும் மெலிந்திருக்கிறது. பெருங்குடிக்குக் கிழக்கே கடல், மேற்கே பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம். கிணற்றுத் தண்ணீரில் உப்பு கலந்தால் துரு இன்னும் வேகமாக ஏறும். இன்று பிளாஸ்டிக் குழாய்கள் வந்துவிட்டன. அவற்றுக்கு ப்ளம்பர் தடவும் சொல்யூஷனைப் பசை என்று நினைக்காதீர்கள். அது இரண்டு பிளாஸ்டிக் பரப்புகளையும் கொஞ்சம் கரைத்து, கரைந்த இரண்டையும் ஒன்றாகக் கலக்கவிட்டு, பிறகு ஆவியாகிப் போய்விடுகிறது. நெருப்பில்லாத பற்றவைப்பு!

கடைசியாக, வளைப்பது. 2 சென்டிமீட்டர் விட்டமுள்ள குழாயைச் செங்கோணமாக வளைக்கிறோம். நடுக்கோட்டின் ஆரம் 10 சென்டிமீட்டர். வளைவில் நடுக்கோட்டின் நீளம் 15.7 சென்டிமீட்டர் வரும். வெளிப்பக்கம் 17.3, உள்பக்கம் 14.1. வளைப்பதற்கு முன் மூன்றும் ஒரே நீளம்தானே? அப்படியானால் வெளிச்சுவர் 1.6 சென்டிமீட்டர் இழுபட்டு மெலிய வேண்டும், உள்சுவர் அதே அளவு நெரிபட வேண்டும். வெற்றுக் குழாய் இந்தத் தொல்லையைத் தவிர்க்க ஒரு குறுக்குவழி தேடும். வெளிச்சுவர் உள்பக்கமாகச் சரிந்து, குழாய் சப்பையாகி மடங்கிவிடும். அப்புறம் தண்ணீர் போகாது.

இதற்குப் பட்டறைகளில் பழைய வைத்தியம் மணல். குழாயின் ஒரு முனையை மரக்கட்டையால் அடைத்து, உலர்ந்த மணலைத் தட்டித் தட்டி நிரப்பி, மறுமுனையையும் அடைத்துவிடுவார்கள். பிறகு சூடாக்கி வளைப்பார்கள். சுவர் உள்ளே சரிய இடமில்லாமல் மணல் தாங்கிக்கொள்ளும். மணலை ஏன் முதலில் வறுத்து உலர்த்துகிறார்கள் என்று இப்போது நீங்களே சொல்லிவிடுவீர்கள். ஜிஐ பைப்பை மட்டும் இப்படிச் சூடாக்கக் கூடாது. துத்தநாகம் ஆவியாகி, அந்தப் புகையை மூச்சில் இழுத்தவருக்குக் குளிர்காய்ச்சல் வரும்.

நெருப்பு வேலையை எல்லாம் தள்ளி நின்று பார்த்தால் போதும். மணல் வேலையை வீட்டிலேயே செய்யலாம். மடிப்பு இல்லாத நேரான ஸ்ட்ரா மூன்று எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றை வெறுமையாகவே வளையுங்கள், உடனே மடங்கும். இரண்டாவதில் தூள் உப்பைத் தட்டித் தட்டி நிரப்பி, இரு முனைகளையும் டேப்பால் இறுக்கி ஒட்டி, மெதுவாக வளையுங்கள். மூன்றாவதில் கல் உப்பைப் பொடித்து, உள்ளே போகிற அளவில் உள்ள துண்டுகளை மட்டும் நிரப்புங்கள். எது அதிகம் வளைகிறது? நிரப்பும்போது தட்டாமல் விட்டால் என்ன ஆகிறது? செய்து பார்த்துவிட்டு, வளைவின் வெளிப்பக்கத்தையும் உள்பக்கத்தையும் ஒரு நூலை வைத்து அளந்து, மேலே உள்ள கணக்கோடு ஒப்பிடுங்கள்.