கோணமும் அலகு மாற்றமும்

ஒரு புள்ளியில் சந்திக்கும் இரு கோடுகளுக்கு இடைப்பட்ட திருப்பத்தின் அளவே கோணம் ஆகும். நீளத்தை மீட்டரிலும் அடியிலும் அளப்பதுபோலக் கோணத்தையும் வெவ்வேறு அலகுகளால் அளக்கலாம். முழுவட்டத்தை 360 சமபாகங்களாகப் பகுத்தால் அவற்றுள் ஒன்று, ஒரு பாகை. ஒரு பாகை 60 கலைகளையும், ஒரு கலை 60 விகலைகளையும் கொண்டது. பஞ்சாங்கக் கணிதத்தில் வழங்கிவரும் கலை, விகலை என்னும் இச்சொற்களுக்கு ஈடாக, நிமிடம், வினாடி என்பன இன்றைய கணித நூல்களில் வழங்குகின்றன.

புவியில் ஓர் ஊரின் இருப்பிடமும் கோணத்தாலேயே குறிக்கப்படுகிறது. பொள்ளாச்சி, நிலநடுக்கோட்டிற்கு வடக்கே ஏறத்தாழ 10 பாகை 39 கலையில் அமைந்துள்ளது. கைப்பேசி வரைபடங்கள் இவ்வளவைப் பெரும்பாலும் தசம எண்ணாகக் காட்டுகின்றன. கலையைப் பாகையாக மாற்ற, அதனை 60ஆல் வகுக்க வேண்டும். 39ஐ 60ஆல் வகுத்தால் 0.65 கிடைக்கும். எனவே பொள்ளாச்சியின் அட்சம் 10.65 பாகை. தசமப் பகுதியை 60ஆல் பெருக்கினால் மீண்டும் 39 கலை கிடைக்கும்.

வகுத்தலை மறந்து 10.39 என எழுதினால் நேர்வது என்ன? வேறுபாடு 0.26 பாகை. வடக்குத் தெற்காக ஒரு பாகை ஏறத்தாழ 111 கிலோமீட்டர் தொலைவைக் குறிக்கும். ஆகவே, குறித்த இடம் ஏறத்தாழ 29 கிலோமீட்டர் தெற்கே விலகும். தென்னந்தோப்புகள் சூழ்ந்த நகரத்தைக் காட்ட வேண்டிய புள்ளி, ஆனைமலைத் தொடருக்குள் சென்றுவிடும். மலையில் வழிதவறியவரைத் தேடும் மீட்புக்குழுவிற்கு இத்தகைய பிழை உயிரிழப்பிற்கே காரணமாகலாம்.

கோணத்தின் மற்றோர் அலகு ரேடியன். வட்டத்தின் ஆரத்திற்குச் சமமான நீளமுடைய வில், மையத்தில் தாங்கும் கோணமே ஒரு ரேடியன். 180 பாகை என்பது π ரேடியன். ஆதலால் பாகையை π ஆல் பெருக்கி 180ஆல் வகுத்தால் ரேடியன் கிடைக்கும். 10.65 பாகை ஏறத்தாழ 0.1859 ரேடியன். இதனைப் புவியின் சராசரி ஆரமான 6371 கிலோமீட்டரால் பெருக்கினால், நிலநடுக்கோட்டிலிருந்து பொள்ளாச்சியின் தொலைவு ஏறத்தாழ 1184 கிலோமீட்டர் எனப் புலனாகும். கோணத்திலிருந்து வில்லின் நீளத்தை நேரடியாகத் தருவதே ரேடியனின் சிறப்பு.

1802இல் வில்லியம் லாம்டன் சென்னைப் பரங்கிமலையருகே அடிக்கோடு அளந்து தொடங்கிய பெரும் முக்கோண நில அளவை, கொங்கு நாட்டின் வழியாகவும் சென்றது. அவர் விகலை வரை கோணங்களைக் கணக்கிட்டார். வடக்குத் தெற்காக ஒரு விகலை, நிலத்தில் ஏறத்தாழ 31 மீட்டர் ஆகும்.