டர்போ பூட்டும் முன் வேஸ்ட்கேட்டைப் பாருங்கள்

கிளிநொச்சியிலிருந்து தம்புள்ளைக்கு மரக்கறி ஏற்றும் என் நண்பனின் பழைய டீசல் வான், கடந்த மாதம் வவுனியாவுக்கு அருகே நின்றுவிட்டது. ஹெட் கேஸ்கட் போய்விட்டது. 2020இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்ட பின்னர் விலைகள் எட்டாத உயரத்துக்குப் போயின. வேறு வான் வாங்க வழியில்லாமல், இருந்த எஞ்சினுக்கே வெளியில் வாங்கிய டர்போ ஒன்றைப் பூட்டியிருந்தான். லீசிங் தவணை இன்னும் முடியவில்லை.

வானைத் திறந்து பார்த்த கராஜ்கார அண்ணை, யுத்தகாலத்தில் மண்ணெண்ணெயில் கார் ஓட வைத்தவர். உருகி ஓட்டையான சிறிய ரப்பர் குழாய் ஒன்றைக் காட்டினார்.

"தம்பி, டர்போவில பிழையில்லை. புகை விலகிப் போற கதவு திறக்கேல்லை."

அந்தக் கதவுதான் வேஸ்ட்கேட். எஞ்சினிலிருந்து வெளியேறும் புகை டர்போவின் சக்கரத்தைச் சுழற்ற, அது காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளுகிறது. அழுத்தம் அளவை எட்டியதும், அந்தக் காற்றே சிறு குழாய் வழியாக வந்து ஒரு சுருள்வில்லைத் தள்ளி, வேஸ்ட்கேட்டைத் திறக்கும். புகையின் ஒரு பகுதி சக்கரத்தில் படாமல் விலகிப் போகும். குழாய் ஓட்டையானாலோ கழன்றாலோ கதவுக்குச் செய்தி போகாது; அழுத்தம் ஏறிக்கொண்டே போகும். டீசலில் ஹெட் கேஸ்கட் போகலாம். பெற்றோல் எஞ்சினில் பிஸ்டனே உடையலாம்.

குழாய் சரியாக இருந்தாலும் வேறு சிக்கல்கள் உண்டு. கதவு முழுதாகத் திறந்தும், வேகம் கூடக்கூட அழுத்தமும் கூடினால், கதவு சிறியது அல்லது புகை நேராகப் போய்ச் சேராத இடத்தில் பொருத்தப்பட்டிருக்கிறது. அதைச் சுருள்வில்லை மாற்றித் தீர்க்க முடியாது. அழுத்தம் ஒரு கணம் எகிறிப் பின் இறங்கினால், கதவு தாமதமாகத் திறக்கிறது. குழாய் தேவைக்கு மேல் நீளமா என்று முதலில் பாருங்கள்.

பலர் ஏமாறுவது பூஸ்ட் கொன்ட்ரோலரில். அது அழுத்தத்தைக் கூட்டும். சுருள்வில்லின் அளவுக்குக் கீழே குறைக்காது. ஆகவே முதலில் கொன்ட்ரோலர் இல்லாமல், சுருள்வில்லை மட்டும் நம்பி ஓட்டிப் பார்க்க வேண்டும். அழுத்தமானி கட்டாயம். குழாய் குட்டையாக, சூடான புகைக்குழாய்க்கு எட்டாத பக்கமாகப் போக வேண்டும்.

நண்பனின் வானில் அழுத்தமானி இருக்கவில்லை. செலவு மிச்சம் என்று விட்டிருந்தான். இப்போது வான் கராஜில் நிற்கிறது. தவணைத் திகதி மட்டும் நிற்கவில்லை.