மண்ணும் மண்ணீரலும்

இடப்பக்க விலா எலும்புகளுக்குள் கைப்பிடி அளவில் ஒதுங்கிக் கிடப்பது மண்ணீரல். நைந்த சிவப்பணுக்களைக் களைவதும், இரத்தத்தில் புகுந்த கிருமிகளை வடிகட்டுவதும் அதன் பணி. 1971இல் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் சிறுநீரக மாற்று அறுவை வெற்றி கண்ட காலத்தில், மேனாட்டு மருத்துவர் சிலர், மாற்றுச் சிறுநீரகத்தை உடல் தள்ளிவிடாதிருக்க மண்ணீரலையே அகற்றி வந்தனர். நோய்த்தொற்றால் இறப்புகள் நேரவே அவ்வழக்கம் கைவிடப்பட்டது.

இன்று எதிர்ப்பாற்றலை அடக்க மாத்திரைகள் உள்ளன. அவற்றைத் தொடர்ந்து உண்பவருக்கு, அரிதாக, மண்ணீரலில் சீழ்க்கட்டி தோன்றுவதுண்டு. காசநோயும் காரணமாகலாம். ஆனால் காரைக்கால் போன்ற நெல்வயல் நாட்டார் மறக்கலாகாதது மெலியாய்டோசிஸ். 1912இல் இரங்கூனிலிருந்து விட்மோரும் கிருஷ்ணசாமியும் உலகுக்கு அறிவித்த நோய் இது. (‘விட்மோர் நோய்’ என முன்னவர் பெயர் மட்டும் நிலைத்ததேனோ!) இதன் கிருமி ஈரமண்ணிலும் தேங்கிய நீரிலும் வாழ்வது, காலில் உள்ள சிறு சிராய்ப்பு வழியேயும் நுழையும்.

விடாத காய்ச்சல், இடப்பக்க வலி. பல வேளை அறிகுறி இவ்வளவே. கடையில் மாத்திரை வாங்கி விழுங்கி நாளைக் கடத்துவது உயிருக்கே உலை வைக்கும். ஸ்கேன் கட்டியைக் காட்டும். இரத்தத்தையும் சீழையும் சோதனைச்சாலையில் வளர்த்துப் பார்த்தால் கிருமி புலப்படும். பின்னர் செஃப்டாசிடிம் ஊசி 2 வாரமேனும், கோட்ரைமாக்சசோல் மாத்திரை 3 மாதமேனும் வேண்டும். மாற்றுச் சிறுநீரகத்தின் நிலைக்கேற்ப அளவை மருத்துவரே வகுப்பார். மாற்று அறுவை செய்துகொண்டவர் வெறுங்காலுடன் சேற்றில் இறங்காதிருப்பது நலம்.