வேண்டலும் உறவும்: தமிழ்க் கிறித்தவர் மன்றாட்டு மொழி காட்டும் நெறி

தமிழில் 'வேண்டுதல்' என்னும் சொல் இருபொருள் பயப்பது. ஒன்றை விரும்புதலும் வேண்டுதல். இறைவன்பால் மன்றாடுதலும் வேண்டுதல். வள்ளுவர் கடவுள் வாழ்த்தில் இச்சொல்லை விருப்பம் என்னும் பொருளில் ஆண்டு, இறைவன் விருப்பும் வெறுப்பும் அற்றவன் என்றார். பிற்கால வழக்கிலோ மக்கள் இறைவனிடம் முறையிடுதலும் நேர்ந்துகொள்ளுதலும் வேண்டுதல் எனப்பட்டன. இவ்விரு பொருளும் ஒரு சொல்லில் அமைந்தமை வியப்பன்று. மனிதன் இறைவனை நாடும் முதல் வாயில் பெரும்பாலும் அவனுடைய தேவையே. நோயும் வறுமையும் அச்சமும் அவனை முழந்தாளிடச் செய்கின்றன.

ஆயின், அத்தேவை நிறைவேறிய பின்னரும், நிறைவேறாது போன பின்னரும், அம்மன்றாட்டு என்னாகின்றது? கேட்டது பெற்றவன் மறந்துவிடுகின்றான். பெறாதவன் மனமுடைந்து விலகிவிடுகின்றான். இவ்விரு முடிவுக்கும் தப்பி, நாள்தோறும் வளரும் உறவாக மன்றாட்டு நிலைபெறுவது எங்ஙனம்? கிறித்தவன் ஒருவன் தன் வாழ்நாள் முழுவதும் எதிர்கொள்ளும் வினா இது. சமய நூலார் இதனைத் தம் நெறியில் ஆராய்வர். மொழியும் இலக்கியமும் பயிலும் நாம், தமிழ்க் கிறித்தவர் இறைவனிடம் பேசிவந்துள்ள சொற்களின் வாயிலாக இதனை ஆராயப் புகுவோம்.

1. 'வேணும்' என்ற சொல்லின் திருத்தம்

தூய சவேரியார் 1542ஆம் ஆண்டில் முத்துக்குளித்துறைக்கு வந்தார். தமிழும் போர்த்துக்கேசியமும் அறிந்தாரைக் கூட்டி, அவர்தம் துணைகொண்டு நம்பிக்கை அறிக்கையையும் செபங்களையும் தமிழாக்கினார். அவற்றை நெட்டுருச் செய்தார். கையில் மணியேந்தித் தெருத்தெருவாகச் சென்று சிறுவரையும் முதியோரையும் அழைத்துக் கற்பித்தார். இச்செய்திகளை 1544ஆம் ஆண்டுத் திருமுகத்தில் அவரே எழுதியுள்ளார்.

அம்மொழிபெயர்ப்பில் ஒரு பிழை நேர்ந்தது. நம்பிக்கை அறிக்கையில், 'நம்புகிறேன்' என்னும் பொருள் வரவேண்டிய இடத்தில் 'வேணும்' என்னும் சொல் அமைந்துவிட்டது. பின்னர் அதனை உணர்ந்த சவேரியார், தம் உடன்பணியாளர் மன்சிலாசுக்கு எழுதிய திருமுகத்தில், 'வேணும்' என்பது விரும்புதலைக் குறிப்பது என்று விளக்கி, விசுவாசத்தைக் குறிக்கும் சொல்லை அவ்விடத்திற் பெய்யுமாறு பணித்தார்.

இது மொழி தெரியாதார் செய்த சிறு தவறு என்று கூறி நாம் கடந்துவிடலாம். ஆயினும், இத்திருத்தத்தினுள் மன்றாட்டின் வளர்ச்சி முழுவதும் அடங்கியிருத்தல் காணலாம். 'எனக்கு வேணும்' என்று தொடங்குபவன், 'உம்மை நம்புகிறேன்' என்னும் நிலைக்கு வந்து சேர்தலே அவ்வளர்ச்சி. முதற் சொல்லில் பொருள் முன்னிற்கின்றது. இரண்டாஞ் சொல்லில் ஆள் முன்னிற்கின்றார்.

தமிழ் முதன்முதலாக அச்சேறியதும் மன்றாட்டு மொழியாகவே என்பது ஈண்டு நினைவுகூரத்தக்கது. 1554ஆம் ஆண்டில் இலிசுபன் நகரில் உரோமன் எழுத்தில் அச்சான தமிழ்ச் சிறுநூல் செபங்களைக் கொண்டது. 1578ஆம் ஆண்டில் கொல்லத்தில் தமிழ் எழுத்திலேயே அச்சான 'தம்பிரான் வணக்கம்' 16 பக்கங்களையுடைய மறைக்கல்வி நூல். அதனை ஆக்கியவர் அண்டிரிக்கு அடிகளார்.

2. விளியும் உறவும்

ஒருவர்க்கும் மற்றொருவர்க்கும் உள்ள உறவை அவர் விளிக்கும் சொல்லே புலப்படுத்தும். தமிழ்க் கிறித்தவர் இறைவனைக் குறிக்க வழங்கிய பெயர்கள் பல. கொல்லத்து நூல் 'தம்பிரான்' என்றது. பின்வந்தோர் 'சருவேசுரன்' என்றும், 'பராபரன்' என்றும், 'தேவன்' என்றும், 'கடவுள்' என்றும் வழங்கினர். இவற்றுள் எது தக்கது என்பது பற்றி மொழிபெயர்ப்பாளரிடையே நெடுங்காலம் கருத்து வேறுபாடு இருந்தது. இப்பெயர்கள் யாவும் இறைவனின் தலைமையையும் மேன்மையையும் உணர்த்துவன.

இயேசு பெருமான் தம் சீடர்க்குக் கற்பித்த செபமோ இத்தகைய பெயர் ஒன்றனாலும் தொடங்கவில்லை. அது தந்தையை விளித்துத் தொடங்குகின்றது. தலைமைப் பெயர் வணங்கத் தூண்டும். முறைப்பெயர் பேசத் தூண்டும். புதிய ஏற்பாட்டில் மூன்றிடங்களில் 'அப்பா' என்னும் அரமேயச் சொல்லே மொழிபெயர்க்கப்படாது நிற்கின்றது. அரமேயமும் தமிழும் இனமொழிகள் அல்ல; ஒலியொப்புமை தற்செயலானது. ஆயினும், பிறமொழியாளர் அயற்சொல்லாகக் கேட்கும் அதனைத் தமிழர் தம் வீட்டுச் சொல்லாகக் கேட்கும் பேறு பெற்றனர்.

3. ஈ, தா, கொடு

இரத்தற் சொற்கள் மூன்று என்பது தொல்காப்பியம். சொல்லதிகாரத்து எச்சவியலில் ஆசிரியர் அவற்றைப் பகுத்து, 'ஈ' என்பது இழிந்தோன் கூற்று, 'தா' என்பது ஒப்போன் கூற்று, 'கொடு' என்பது உயர்ந்தோன் கூற்று என்று வரையறுத்தார். கேட்பவனுக்கும் கொடுப்பவனுக்கும் உள்ள உறவு, கேட்கும் வினையிலேயே புலப்படவேண்டும் என்பது அவர் கண்ட மரபு.

இயேசு கற்பித்த செபத்தின் தமிழ் வடிவங்கள் பலவற்றில் உணவு கேட்குமிடத்து வரும் வினை 'தாரும்' என்பது. பண்டை வரையறைப்படி நோக்கின், இறைவன்முன் நிற்கும் மனிதன் 'ஈ' என்றே இரத்தல் வேண்டும். மொழிபெயர்ப்பாளர் தொல்காப்பிய விதியைக் கருதி இச்சொல்லைத் தேர்ந்தனர் என்று நாம் கூறவில்லை. அவர் காலத்து வழக்கில் இம்மூன்று சொற்களின் வேறுபாடு பெரிதும் நெகிழ்ந்திருந்தது. எனினும், விளைந்த பொருள் கருதற்பாலது. தந்தையின் வீட்டில் பசித்த பிள்ளை 'தா' என்றே கேட்கும். 'ஈ' என்பது வாயிலில் நிற்கும் இரவலனின் குரல்.

முன்னிலைப் பெயரும் இதற்கு இயைந்தது. கிறித்தவ உரைநடைச் செபங்களில் இறைவன் பெரும்பாலும் 'நீர்' எனவே சுட்டப்படுகின்றான். 'நீ' என்பதன் உரிமையும் 'நீங்கள்' என்பதன் விலகலும் இன்றி, அன்பும் மதிப்பும் ஒருங்கே அமைந்த இடைநிலைச் சொல் அது. இன்றைய பேச்சுவழக்கில் நெல்லை முதலிய சில பகுதிகள் ஒழிந்த இடங்களில் அது அருகிவிட்டது. பலர்க்கு அது செபத்திற்கே உரிய சொல்லாயிற்று. இதனால் ஒரு நலமும் ஓர் இடரும் உண்டு. அச்சொல்லை எடுத்த அளவிலே மனம் இறைவன்முன் நிற்கப் பழகுதல் நலம். செபத்தில் ஒரு மொழியும் வாழ்வில் ஒரு மொழியுமாக, இரண்டும் ஒட்டாமற் போதல் இடர். ஆதலின், மரபுச் செபத்தை ஓதிய பின், அன்றைய நிகழ்ச்சிகளைத் தன் வீட்டுப் பேச்சிலேயே இறைவனுக்கு எடுத்துரைத்தல் நன்று.

4. 'எங்கள்' என்னும் தன்மைப் பன்மை

தமிழ்த் தன்மைப் பன்மை இருவகைத்து. கேட்பாரையும் உட்படுத்துவது 'நாம்'. அவரை நீக்கி நிற்பது 'நாங்கள்'. இயேசு கற்பித்த செபத்தில் 'எங்கள்' என்று வருதல் இதனால் இன்றியமையாததாகின்றது. ஈண்டுக் கேட்பவன் இறைவன். 'நம்' எனின் அவனும் உட்படுவான். பிற மொழிகள் பலவற்றில் புலப்படாத இவ்வேறுபாட்டைத் தமிழ் தெளிவாக உணர்த்துகின்றது.

'எங்கள்' என்னும் சொல்லினுள் புகுவோர் யாவர்? மத்தேயு நற்செய்தியின் ஆறாம் இயலில், உள்ளறைக்குள் சென்று கதவை அடைத்து மன்றாடுமாறு இயேசு கூறுகின்றார். அவ்வறையில் இருப்பவன் ஒருவனே. ஆயினும், அதன்பின் அவர் கற்பிக்கும் செபம் பன்மையில் அமைந்துள்ளது. தனியே நிற்பவன் 'என்' என்னாது 'எங்கள்' என்கின்றான். அடைத்த கதவிற்கு அப்பாலுள்ள மனைவி மக்களும், அண்டை வீட்டாரும், பகைவரும் அச்சொல்லோடு அறைக்குள் வந்துவிடுகின்றனர். தன் உணவை மட்டும் கேட்க அச்செபத்தில் இடமில்லை. பிறர் குற்றத்தைப் பொறுக்காமல் தன் குற்றத்திற்குப் பொறுத்தல் கேட்கவும் இடமில்லை. இறைவனோடு உறவு ஆழ்ந்ததா என்பதை அறிய விரும்புவோன், தன் 'எங்கள்' எத்துணை விரிந்துள்ளது என்று நோக்குவானாக.

5. ஒரு நாளுக்கு உரியது

அச்செபம் கேட்கும் உணவு இன்றைக்கு உரியது. நாளைக்கும் மறுநாளைக்கும் சேர்த்துக் கேட்க அது கற்பிக்கவில்லை. பாலைவெளியில் இசுரவேலர் பெற்ற மன்னாவும் இத்தகையதே. ஓய்வுநாளுக்கு முந்திய நாள் தவிர, மறுநாளுக்கென எடுத்துவைத்த மன்னா புழுத்துக் கெட்டது என்று யாத்திராகமம் பதினாறாம் இயல் கூறும். நாள்தோறும் ஈட்டி நாள்தோறும் உலையேற்றுவானைத் தமிழர் 'அன்றாடங்காய்ச்சி' என்பர். உலகியலில் இரங்கத்தக்க அந்நிலை, மன்றாட்டு வாழ்வில் உரிய நிலையாகும். நேற்றைய பக்தி இன்றைக்கு உணவாகாது.

இவ்வுண்மையை உணர்ந்தே மரபு காலவரையறை செய்தது. கத்தோலிக்கர் காலையும் நண்பகலும் மாலையும் மூவேளைச் செபம் சொல்லுவர். சீர்திருத்தச் சபையார் இல்லங்களில் மாலையில் குடும்பச் செபம் நிகழ்வதுண்டு. மனம் ஒன்றாதபோது இவற்றால் என்ன பயன் என்று வினவுவார் உளர். வீண் சொற்களை அடுக்குதலை இயேசுவே கண்டித்தார் என்பது உண்மை. ஆயின், கண்டித்த அவ்விடத்திலேயே அவர் கற்று ஓதத்தக்க செபம் ஒன்றையும் அளித்தார் என்பதும் உண்மையே. திண்ணைப் பள்ளியில் பொருளறியாது நெட்டுருச் செய்த பாடல், பல்லாண்டு கழித்து ஒரு துன்பவேளையில் பொருள் விளங்கித் துணைநிற்றலை நாம் அறிவோம். மனப்பாடச் செபமும் அத்தகையது. துயரால் சொல் தடைப்படும்போது, முன்னரே நாவிற் படிந்த சொல் நம்மைத் தாங்கும்.

6. ஊடலும் உறவே

அகத்திணை இலக்கியம் ஊடலை உறவின் முறிவாகக் கொள்ளவில்லை. அன்பின் ஒரு நிலையாகவே கொண்டது. உரிமை இல்லாதாரோடு ஊடுதல் இயலாது. விவிலியத்துத் திருப்பாடல்கள் 150இல் முறையீடுகள் பல. பதின்மூன்றாம் பாடல், இன்னும் எத்துணைக் காலம் என்று முதலிரு அடைவுகளில் நான்கு முறை வினவித் தொடங்கி, புகழ்ச்சியில் முடிகின்றது. எண்பத்தெட்டாம் பாடலோ ஆறுதல் ஏதும் கூறாது இருளிலேயே முடிந்துவிடுகின்றது. அதனையும் வழிபாட்டு நூலினின்று நீக்காது காத்த மரபினர், இறைவனோடு வழக்காடுதலும் வழிபாடே என்று உணர்ந்தவராவர்.

தஞ்சை வேதநாயக சாத்திரியார் 1800ஆம் ஆண்டளவில் இயற்றிய பெத்தலேகேம் குறவஞ்சியில், தேவமோகினி என்னும் தலைவி கிறித்துவாகிய தலைவனை எண்ணிக் காதலால் உருகுகின்றாள். நெல்லை நாட்டு வைணவக் குடியில் 1827ஆம் ஆண்டில் பிறந்து, 1858ஆம் ஆண்டில் கிறித்தவரான எச். ஏ. கிருட்டிணபிள்ளை, தம் இரட்சணிய யாத்திரிகத்தினுள் அமைத்த பத்திப் பாடல்களுக்குத் 'தேவாரம்' என்றே பெயரிட்டார். அவர் இயற்றிய 'போற்றித் திருவகவல்' போற்றி மரபைச் சார்ந்தது. போற்றுதலில் பெறுபொருள் பின்தங்கி, போற்றப்படுவோன் முன்னிற்கின்றான். தம் மொழியின் அன்பு மரபு முழுவதையும் இவர்கள் மன்றாட்டினுள் கொணர்ந்தனர். கேட்டல் மட்டும் அறிந்த நாவுக்கு ஏங்குதலும் ஊடுதலும் போற்றுதலும் கற்பித்தமை இவர்தம் தொண்டாகும்.

7. மறுக்கப்பட்ட வேண்டுதல்

இனி, தொடக்கத்தில் எழுப்பிய வினாவிற்கு வருவோம். கேட்டது கிடைக்காதபோது உறவு நிற்குமா?

'அப்பா' என்னும் சொல் புதிய ஏற்பாட்டில் வரும் மூன்றிடங்களுள், இயேசுவின் வாய்மொழியாக வருவது ஒன்றே. அது மாற்கு நற்செய்தியின் பதினான்காம் இயலில், கெத்சமனித் தோட்டத்தில் நிகழ்ந்தது. துன்பக் கிண்ணம் தம்மைவிட்டு நீங்குமாறு அவர் அங்கு வேண்டினார். அது நீங்கவில்லை. மிக நெருங்கிய விளியும், நிறைவேறாத வேண்டுதலும் ஒரே இடத்தில் அமைந்தமை நம் சிந்தனைக்குரியது. அவர் தம் விருப்பத்தை மறைக்கவில்லை. அதனைச் சொல்லியபின், தந்தையின் விருப்பத்திற்குத் தம்மை ஒப்படைத்தார். தூய பவுலும் தம் உடலிற் தைத்த முள் நீங்குமாறு மும்முறை வேண்டினார், முள் நீங்கவில்லை, அதனைத் தாங்கும் அருள் கிடைத்தது என்று கொரிந்தியர்க்கு எழுதினார்.

இதனைக் கூறுதல் எளிது. மகவை இழந்த தாயிடம் கூறுதல் அரிது. அவளுக்கு விளக்கம் கூற முற்படுதலினும், எண்பத்தெட்டாம் திருப்பாடலின் இருளில் அவளோடு அமர்ந்திருத்தல் சிறந்தது. அங்ஙனம் அமர்ந்து, அவள் சொல்ல இயலாத செபத்தை 'எங்கள்' என்று அவளுக்காகச் சொல்லுதல் உடனிருப்பார் கடன்.

8. முடிபு

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்குவோம். மன்றாட்டு தேவையிற் தொடங்குதல் இழுக்கன்று. அதனிலேயே நின்றுவிடுதல் குறை. தந்தையை முறைப்பெயரால் விளித்தல், பிள்ளைக்குரிய உரிமையோடு கேட்டல், பிறரையும் தன்னோடு சேர்த்துக் கேட்டல், அன்றன்றைக்கு உரியதை அன்றன்று கேட்டல், துயருற்றபோது மறையாது முறையிடுதல், பெறாதபோதும் விலகாது நிற்றல் ஆகிய இவை அவ்வுறவு ஆழும் படிகள். இவற்றிற்குப் பெரும்புலமை வேண்டியதில்லை. நாள்தோறும் சிறிது பொழுதும், உண்மை பேசும் நாவும் போதும்.

சவேரியார் திருத்திய அச்சொல் ஏட்டில் ஒரு முறை திருத்தப்பட்டது. மன்றாடுவோன் உள்ளத்தில் அது நாள்தோறும் திருத்தப்பட வேண்டியது. காலையில் 'வேண்டும்' என்று எழுபவன், இரவில் 'நம்புகிறேன்' என்று கண்மூடுவானாயின், அந்நாளின் மன்றாட்டு பயன்பட்டதென்றே கொள்ளலாம்.